சவுரிராயன் விக்கிரவாண்டிக்கு ஓடினான்

1984 கோடையில் சவுரிராயனுக்கு ஒரே வேலைதான் இருந்தது. தான் திருடன் இல்லை என்று போய்ச் சொல்ல வேண்டும்.

முண்டியம்பாக்கம் காலனிக்காரன். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மில் ஒன்றில் மூட்டை தூக்கினான். கூலியை ஏற்றிக் கேட்டபோது முன்னால் நின்றான். அடுத்த வாரமே ஒரு மூட்டை கடலைப் பயறைக் காணோம் என்று அவன்மேல் பழி போட்டார்கள். முதலாளிகளின் பழைய வித்தை இது. மில்லிலேயே விசாரணை, காலை பத்து மணிக்கு. வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சங்கத்து ஆளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். மற்றதை அவனும் அவன் பெண்டாட்டி அம்மணியும் சொல்லிக் கேட்டதுதான்.

அன்று காலை அவனுடைய ஒரே வெள்ளைச் சட்டை காயவில்லை. அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"இன்னாய்யா, மாப்பிள்ளை அழைப்புக்கா போற? ஈரத்தோட மாட்டிக்கினு வா" என்றாள் கூடக் கிளம்பி நின்ற அம்மணி.

"அழுக்கா, ஈரமா போனா திருடன்னே முடிவு கட்டிடுவானுங்க. இரும்மே, காலரு காஞ்சிடும்."

காலர் காய்ந்தது. இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனபோது திண்டிவனம் பாசஞ்சரின் கடைசிப் பெட்டிதான் தெரிந்தது.

அந்தப் பக்கம் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட, பாசஞ்சர் தினமும் அடுத்த ஸ்டேஷனான விக்கிரவாண்டியில் அரைமணிக்கு மேல் படுத்துக் கிடக்கும். தவறவிட்டவர்கள் தண்டவாளத்தோடு ஓடிப்போய் அங்கே பிடிப்பது வழக்கம்.

"ரோட்டுல நிக்கலாம்யா. பஸ்சு வரும்."

"வரும். நிக்குமா? நம்ம ஆளுங்க மட்டும் நின்னா என்னிக்காவது பிரேக்கு போட்டிருக்கானா?"

அது உண்மை. காலனி ஆட்கள் நிற்பது தெரிந்தால் டிரைவர்கள் இன்னும் அழுத்துவார்கள்.

"அப்ப நீ ஓடு, நான் ரோட்டுல நிக்கிறேன். யாராச்சும் ஒருத்தர் போய்ச் சேரலாம்" என்றாள் அம்மணி.

அவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஜல்லியில் ஓடினான். விக்கிரவாண்டி பிளாட்பாரம் காலியாக இருந்தது.

"பாசஞ்சரா? அப்பவே போயிடுச்சுப்பா. எக்ஸ்பிரஸ் லேட்டு. கிராசிங்கை மயிலத்துக்கு மாத்திட்டாங்க" என்றான் போர்ட்டர்.

அந்த நேரத்தில் முண்டியம்பாக்கத்தில் பஸ் நின்றது. காலனிக்காக இல்லை. நிலக்காரர் சுப்பராயலு குடையைத் தூக்கிக் காட்டினார். அவர் பின்னால் அம்மணியும் தொற்றிக்கொண்டாள்.

"ஐயாவுக்கு நிறுத்தினா நீயும் ஏறிக்கிறியா?" என்று கண்டக்டர் கேட்டான்.

"டிக்கெட்டு குடுய்யா" என்றாள்.

பத்து மணிக்கு முன்னாலேயே மில்லுக்கு வந்துவிட்டாள். பெண்டாட்டி என்று சொன்னதால் உள்ளே விட்டார்கள். பத்து அடித்ததும் மில் வக்கீல் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ யாரும்மா?"

"அவரு ஊட்டுக்காரிங்க. அவரு வந்துக்கினே இருக்காருங்க."

"மில்லுல வேலை செஞ்சது நீயா?"

"இல்லிங்க."

"அப்புறம் நீ வந்து என்ன?" பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பினார். "எழுதுப்பா. ஆள் வரலை. குற்றம் ருசு."

அவள் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். பேனா நிற்கவில்லை.

சவுரிராயன் விக்கிரவாண்டியில் கூட்டம் பிதுங்கிய பஸ்ஸில் படியில் தொங்கி வந்து சேர்ந்தான். கேட்டைச் சாத்திவிட்டார்கள். சட்டை பிழிந்தெடுக்கும்படி வியர்வையில் நனைந்திருந்தது. அம்மணியிடம் அவன் கேட்டது விசாரணையைப் பற்றி இல்லை.

"பஸ்சு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"யாருக்கு?"

"சுப்பராயலுக்கு."

அப்படியே கேட்டோரம் குந்திவிட்டான்.

"கடலூர் லேபர் ஆபீஸ்ல மேல மனு போடலாம். நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

"எதுல போறது, தோழரே?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான்.

மனு போடவில்லை. திண்டிவனத்தில் எந்த மண்டியும் அவனைச் சேர்க்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு மரவாடியில் போய் வேலை கேட்டபோது, "மில்லுல திருடினவன்தானே நீ?" என்றார்களாம். இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.