ஆடியில் வீடு பார்த்தவள்

பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்கு நூல் சுற்றும் சென்னியம்மாள், கல்யாணமாகி வந்ததிலிருந்து ஏழு வாடகை வீடு மாறியவள். ஏழும் ஆற்றோரம், வாடகை அங்கேதான் குறைவு. மேட்டூரில் உபரித் தண்ணீரைத் திறந்தால் தட்டுமுட்டுச் சாமானோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறுவாள். வடிந்ததும் இறங்கிச் சேறு வாருவாள். நனையாத சொந்த வீடு ஒன்று வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

தரகர் தனபால் தை மாதமே இரண்டு வீடு காட்டியிருந்தார். ஒன்று ஆற்றிலிருந்து மூன்றாம் தெருவில், புது டைல்ஸ் போட்டு ரோஸ் பெயிண்ட் அடித்தது. மற்றது மேட்டுத் தெருவில் கந்தப்பனுடைய பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு. விலை இரண்டும் ஒன்றுதான்.

“மூணாந் தெருவுக்குத் தண்ணியே வராதுங்கக்கா” என்று தனபால் சத்தியம் செய்தார்.

தையில் ஆற்றில் பாறைதான் தெரியும். யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம். ஆறு ஊருக்குள் வருவது ஆடியில். ஆடியிலோ யாரும் வீடு பார்ப்பதில்லை, முன்பணம் கொடுப்பதில்லை, குடிபோவதுமில்லை. அதனால் வாங்குகிற எவரும் வீட்டைத் தண்ணீரோடு பார்த்ததே கிடையாது. இது உறைத்ததும் சென்னியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆடிக்காகக் காத்திருந்தாள்.

ஆடி பத்தாம் நாள் காலையில் வெள்ள எச்சரிக்கை சொல்லிக்கொண்டு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்தது. சாமானைப் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டு மகள் சௌந்தர்யாவை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“ஊரே மேல ஏறுது. நீ கீழ போறியேம்மா.”

“ஊடு பாக்கப் போறேன். வா சாமி.”

மூன்றாம் தெரு முனையில் நின்றார்கள். தண்ணீர் முன்பக்கமாக வரவேயில்லை. பின்பக்கச் சாக்கடை வழியாக ஏறி, ரோஸ் வீட்டுக்குள் புகுந்து, வாசல் வழியாக வெளியே வந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தனபால் ஓடிவந்தார்.

“அக்கா, இது ஆத்துத்தண்ணி இல்லீங்க. சாக்கடத்தண்ணி.”

“பாய் நனையறப்ப எந்தத் தண்ணின்னு கேக்குமா தனபாலு?”

அடுத்த நிமிடம் அவள் மேட்டுத் தெருவுக்கு ஓடினாள். அதே தெருவில் குடியிருக்கும் கந்தப்பன் தன் வாசலில் நின்று வெள்ளத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, உங்க பூட்டுன ஊட்டைச் சொன்ன வெலைக்கே எடுத்துக்கறனுங்க. இப்பவே முன்பணம் தாரேன்.”

“ஆடியிலயா? எங்கூட்டுக்காரி என்னையும் சேத்து வெளிய தள்ளிருவா. ஆவணி பொறக்கட்டும்.”

ஆவணி பிறந்தால் மூன்றாம் தெரு மொத்தமும் இவர் வாசலில் நிற்கும். விலையும் எங்கோ போய்விடும்.

“அப்பச் சாவியக் குடுங்க. தண்ணிக்கு ஒதுங்கிக்கறேன். ஒதுங்க வந்தவளை ஆடின்னு சொல்லித் தொரத்துவீங்களா?”

கந்தப்பன் அவளையே பார்த்தார். “ஒதுங்கறவ ஆவணியில எறங்கிருவியா?”

“எறங்கறதுக்கா இத்தன தூரம் ஏறி வந்தனுங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மொத முகூர்த்தத்துல முன்பணம் வந்துரணும். வெலை சொன்னதுதான்” என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்த சாமானெல்லாம் மேடேறிவிட்டது.

“பால் காய்ச்சலையேம்மா” என்றாள் சௌந்தர்யா.

“ஆடியில காய்ச்சக் கூடாது சாமி. டீ போடு. பால் மட்டும் கொஞ்சம் பொங்கட்டும்.”