கொடும்பாளூரில் ஆண் கூன்வண்டைத் தேடி

போன ஐப்பசி மழைக்குப் பின் கொடும்பாளூர் விராலிப் புதரில் எனக்கு ஒரு கூன்வண்டு கிடைத்தது. அரிசி மணி அளவு, வளைந்த நீள மூக்கு, முதுகில் சாம்பல் கோடு. என்னிடமுள்ள எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. பூச்சி ஆய்வாளர் ஒருவருக்கு அனுப்பினேன்.

"இது பெண்ணுங்க. ஆண் இல்லாம புது இனம்னு சொல்ல முடியாது" என்று போனை வைத்துவிட்டார்.

நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும் என்பது சைக்கிள் கடை நடத்திய எனக்கும் தெரியும். அவர் சொன்ன விதம்தான் ஆறவில்லை. இந்த ஐப்பசியில் மறுபடி கிளம்பினேன்.

இலுப்பூரிலிருந்து விராலிமலை, அங்கிருந்து மதுரைச் சாலை பஸ். எல்லா பஸ்ஸும் கொடும்பாளூரில் நிற்காது, ஏறும்போதே கேளுங்கள். என் பெரிய வெள்ளைக் குடையைக் கண்டக்டர் பார்த்தார்.

"வானம் வெளுத்துக் கெடக்கு, குடை எதுக்குங்க பெரியவரே?"

"வண்டு பிடிக்க."

"அதுக்கும் டிக்கெட் போடணுமா?"

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

எட்டரைக்கு இறங்கினேன். மூவர் கோயிலில் மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். பனியும் வெயிலும் கலந்த அந்த வெளிச்சத்தில் அதுவும் எழுந்து நிற்பதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் வந்த வேலையை மறந்தேன்.

அதைத் தாண்டிய பொட்டலில்தான் விராலிப் புதர்கள். குடையைத் தலைகீழாக அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் வண்டுகள் உள்ளே விழும். ஆடு மேய்த்த செல்லம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது புதரில் சாம்பல் கோடு தெரிந்தது. குப்பி எடுக்கத் திரும்பினேன்.

"எல்லாம் செத்துப் போச்சுங்கய்யா" என்று குடையைத் தரையில் உதறிவிட்டார்.

"ஆத்தா! அது நடிப்பு! ஆபத்துன்னா செத்த மாதிரி கெடக்கும்!"

"எங்க வீட்டுக்காரரும் வேலைன்னா அப்படித்தான் கெடப்பாரு. வண்டும் அப்படின்னு நான் என்னத்தக் கண்டேன்?"

ஒரு வருஷக் காத்திருப்பு மண்ணில் கிடந்தது. தேடினால் வண்டு மிதிபடும், நடிப்பு கலைந்தால் தானாகத் தண்டில் ஏறும். அசையாமல் உட்கார்ந்தோம். காற்றில் விராலிக் காய்கள் சலசலத்தன. ஆட்டு மணி எங்கோ தள்ளித் தள்ளிப் போயிற்று. நேரம் போனதே தெரியவில்லை.

"அங்கிட்டுப் பாருங்க. ஒண்ணு மேல ஒண்ணு."

தண்டில் சாம்பல் கோட்டுப் பெண். அதன் முதுகைப் பற்றியபடி, மெலிந்த உடலோடு ஆண். போனில் படம் எடுத்தேன்.

"புடிங்கய்யா, ஓடிறப் போகுது."

"இருக்கட்டும்."

அவை தாமாகப் பிரியும்வரை காத்திருந்து, ஆணை ஸ்பிரிட் குப்பியில் இட்டேன். இதனாலேயே புது இனம் என்று ஆகிவிடாது. ஆனால் பார்க்காமல் தட்டிக்கழிக்க இனி அந்த ஆய்வாளருக்குக் காரணம் இல்லை. பெண்ணையும் கேட்டால், போன வருஷமே அனுப்பியாயிற்று என்பேன்.

போகிறவர்கள் வெள்ளைக் குடை, முழுக்கைச் சட்டை, குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். விழுந்ததைச் செத்ததாக எண்ணி உதறாதீர்கள். திரும்பும் பஸ்ஸுக்குக் கெடு வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான் வைத்திருந்தேன். அந்த பஸ் சாலையில் போவது தெரிந்தது. ஆணை எடுக்கும்போது என் உள்ளங்கையில் உதிர்ந்த அந்தப் பெண் வண்டு கால்களை மடக்கிச் செத்துக் கிடந்தது. அது எழுந்து நடக்கட்டும் என்று நின்றேன்.