மார்ச் மாதம் விற்ற பங்கு

ஜவளகிரியில் இருந்த அப்பா வீட்டு நிலத்தில் தன் பங்கை என் மனைவி அவள் அண்ணனுக்கே விற்றாள். அந்தப் பணத்தை என்னிடம் கொடுத்தாள். மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கொஞ்சம் பெருக்கி ஒரு மனை வாங்க வேண்டும். அதுதான் பேச்சு.

நான் வேலை செய்யும் கம்பெனியின் பங்கையே வாங்கினேன். எனக்குத் தெரிந்த கம்பெனி அது ஒன்றுதான். வாங்கிய பிறகு விலை இறங்கியது.

மார்ச் கடைசியில் கேன்டீனில் சூப்பர்வைசர் சொன்னார். “நஷ்டத்துல இருக்கற பங்க இந்த மாசமே வித்துடுங்கப்பா. வரி குறையும். ஏப்ரல்ல திரும்ப வாங்கிக்கலாம். நான் வித்துட்டேன்.”

“நஷ்டப்படறதுக்கும் கடைசி தேதி வெச்சிருக்கானுங்களா சார்?” என்றான் பக்கத்தில் இருந்த ஃபிட்டர்.

சிரித்தோம். சிரித்துவிட்டு நாலு பேர் விற்றோம்.

நான் பேக்கிங்கில் இருக்கிறேன். அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. பெட்டிகளைக் கட்டி ஏற்றியது நான். சரக்கு போவதைக் கண்ணால் பார்த்தவன், சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து விற்றேன்.

ஏப்ரலில் விலை ஏறியது. இறங்கட்டும் என்று இருந்தேன். இறங்கவில்லை. நான் முதலில் வாங்கிய விலையையும் தாண்டிப் போய்விட்டது.

வரியாவது மிச்சமாகும் என்று, நானும் மனைவியும் பஸ் ஸ்டாண்டு பக்கம் வரிக்கணக்கு எழுதுபவரிடம் போனோம்.

“உங்க சம்பளத்துக்கு வரியே இல்லீங்களே,” என்றார் அவர். “உங்க சூப்பர்வைசருக்கு வேற பங்குல லாபம் இருந்திருக்கும். அதுல கழிச்சிருப்பாரு. உங்களுக்கு எதுல கழிக்கிறது?”

“இப்ப என்னங்க பண்றது?”

“நஷ்டத்த கணக்குல எழுதி வெக்கிறேன். எட்டு வருஷத்துக்குள்ள பங்குல லாபம் வந்தா கழிச்சிக்கலாம்.”

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு மனைவி சொன்னாள். “எட்டு வருஷம் நெலத்த வெச்சிருந்தா ராகியாவது வெளஞ்சிருக்கும்.”

மிச்சப் பணத்தை அவள் பெயரில் பேங்கில் போட்டேன். மனைக்கு அது போதாது. வாடகை வீட்டில்தான் இருக்கிறோம்.

அடுத்த மார்ச்சில் கேன்டீனில் சூப்பர்வைசர் மறுபடி ஆரம்பித்தார். “வித்துடுங்கப்பா,” என்றார். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன்.