ஏரிக்கரையில் ஓர் ஆள் இடம்

ஏரியைப் படம் எடுப்பது சுலபம் என்கிறவர்கள், விடியலில் ட்ரைபாடைச் சேற்றில் ஊன்றிவிட்டு வெளிச்சம் வருமா மழை வருமா என்று வானத்தைப் பார்த்து நின்றதில்லை. நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொசுக்கடித் தழும்பு நம் எல்லோருக்கும் பொது. சிங்கப்பூர் தேக்காவில் எனக்குச் சின்ன ஸ்டூடியோ. கல்யாண ஜோடிகளை நீர்த்தேக்கங்களில் நிறுத்தி எடுப்பது பிழைப்பு. தண்ணீரை மட்டும் எடுப்பது ஆசை.

பாதிப் படம்

கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் முருகேசன் கல்யாணப் படத்துக்குத் தனியாக வந்தார். பெண் மன்னார்குடியில். அவள் அங்கே குளக்கரையில் எடுத்து அனுப்புவாள், நான் இரண்டையும் சேர்த்துத் தர வேண்டுமாம். லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தண்ணீரிலிருந்து பனி எழுந்துகொண்டிருந்தது. நான் அவரை நடுவில் நிறுத்தினேன். அவர் அவளுக்கு இடம் வேண்டும் என்று ஓரமாக நகர்ந்துகொண்டார்.

அவள் படம் வந்தது. இங்கே விடியல், அங்கே உச்சிவெயில். ஒட்டவே இல்லை, மறுபடி எடுக்கலாம் என்றேன். முருகேசன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெளிச்சம் வேறயா இருந்தா இருக்கட்டும்க்கா. பக்கத்துல அவ நிக்கிறால்ல.”

அரை மணி

அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் ஒரு காலை, ஜோடி வரத் தாமதம். காற்றே இல்லை. மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. ஒரு நாரை இறங்கியது. அலை எழுந்து, விரிந்து, அடங்கியது. எப்போது இப்படி ஒரு ஏரி எனக்குக் கிடைக்கும் என்று ஏங்கியிருக்கிறேன். கிடைத்தபோது கேமரா தோளிலேயே தொங்கியது. என்னோடு வரும் மேக்கப்காரி மல்லிகா, காரிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். “ஒண்ணுகூட எடுக்கலையா? அப்ப ரொம்ப நல்லா இருந்திருக்கும் லா.”

மப்பு

புக்கிட் மேரா சரோஜா அக்காவின் கணவர் பக்கவாதத்தில் விழுந்தவர். பேச்சும் போய்விட்டது. அவர் கட்டிலுக்கு எதிரே மாட்ட மெக்ரிச்சி ஏரிப் படம் வேண்டும் என்றார் அக்கா. என் பெருமைக்குரிய அஸ்தமனப் படத்தைக் காட்டினேன். அழகுதான், ஆனால் தாங்கள் பார்த்த ஏரி இதில்லை என்றார். அவர்கள் நடக்கப் போனது ஞாயிறு மத்தியானங்களில், பாதி நாள் மழை வரப்போகிற நேரத்தில்.

வானம் மப்புப் போடக் காத்திருந்து, ஒரு மத்தியானம் எடுத்தேன். ஈய நிறத் தண்ணீர், காற்றில் திரும்பிய இலைகள். வேறு யாரும் வாங்க மாட்டார்கள். மாட்டிய சில நாளில் அக்கா போன் செய்தார். கணவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தாராம். பிறகு வாய் குழற ஏதோ சொன்னாராம். அக்கா குனிந்து காதை வைத்துக் கேட்டிருக்கிறார்.

“‘குடை எடுத்தியா’ன்னு கேட்டாரும்மா.”

ஏரி எப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கூட நிற்க வேண்டியவர்தான் எங்கேயோ இருக்கிறார். நம் தொழில் படுக்காமல் ஓடுவது அதனால்தான் என்பதை வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம்.