எடுத்துவிட்ட டிக்கு

எங்கம்மாவுக்குன்னு ஒரே ஒரு நல்ல போட்டோ இருந்துச்சு. அத கெடுத்தது நான்தான். இன்னும் யாருகிட்டயும் சொல்லல.

எட்டாவதோட நின்னுட்டு திண்டிவனத்துல ஒரு ஸ்டுடியோவுல சேந்தேன். கல்யாணத்துல எடுக்கறதுல ஆல்பத்துக்கு வேண்டியத ஓனர் அண்ணன் எடுத்துக்குவாரு. கம்ப்யூட்டர்ல எடம் பத்தாது, மீதிய கேமரா கார்டுல இருந்து நேரா நெட்டு வழியா சர்வருக்கு ஏத்தறது என் வேல. சாப்ட்வேர் போட்டுக் குடுத்த பாண்டிச்சேரிக்காரரு எனக்குப் புரியற மாதிரி சொன்னாரு. "சர்வர் வாசல்ல ஒரு வாட்ச்மேன் இருக்கான்னு வெச்சுக்கம்மா. நம்ம ரகசிய சாவிய வெச்சு ஒவ்வொரு படத்தோடயும் ஒரு கையெழுத்து போவும். அது சரியா இருந்தாத்தான் உள்ள வுடுவான். இந்தக் கட்டத்துல டிக்கு இருந்தா, படம் முழுசா வந்துச்சான்னும் பிரிச்சி பாப்பான். கொறஞ்சா திருப்பி அனுப்பிடுவான்."

அண்ணன் ஒன்னுதான் சொன்னாரு. "எல்லா படமும் ஏறி பச்ச காட்டுன பொறவுதான் கார்ட அழிக்கணும்."

எங்க டாங்கிள் நெட்டுல பாதி படம் கொறையா போயி செவப்பா திரும்பி வரும். மறுபடி ஏத்தணும். அஞ்சே முக்கா விக்கிரவாண்டி பஸ்ஸ வுட்டா அடுத்ததுல தொங்கிக்கினு போவணும். ஒருநாள் அந்த டிக்க எடுத்துட்டுப் பாத்தேன். எல்லாம் ஜல்தியா பச்சயாச்சு. கார்ட அழிச்சுட்டு ஓடுனேன். அப்பறம் தெனமும் அப்படித்தான்.

"பரவால்லியே, வேகமா முடிக்கிறியே"ன்னாரு அண்ணன். நானும் சிரிச்சுக்கினேன்.

அப்பதான் ஒரு கல்யாணம், நானும் அண்ணன்கூட போயிருந்தேன். அந்த மண்டபத்துல எங்கம்மா பாத்திரம் கழுவ வந்திருந்துச்சு. அண்ணன் கூப்புட்டு மணவறை முன்னால நிக்க வெச்சாரு. ஈரக்கைய முந்தானையில தொடச்சுக்கினே, "என்ன எதுக்கு சாமி, பொண்ணு மாப்ளய எடு"ன்னு அம்மா கூச்சப்பட்டுச்சு. கேமராவுல காட்டுனாரு. அழகா சிரிச்சிருந்துச்சு. பிரிண்டு அப்பறம் போட்டுக்கலாம்னு, மீதிப் படங்களோட அதையும் ஏத்திட்டு வுட்டுட்டேன்.

மழ பேஞ்ச மாசம், நாலே நாள் காச்சல். அம்மா போயிடுச்சு.

காரியத்துக்குப் படம் வேணும்னு அண்ணனே சர்வர்ல தேடுனாரு. மேல மணவறைப் பூவெல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. அம்மா நெத்திப் பொட்டு வரைக்கும் தெரிஞ்சுது. அதுக்குக் கீழ வெறும் சாம்பல் கலரு. வாட்ச்மேன் மேல தப்பில்ல. கையெழுத்து எங்களுதுதான். உள்ள பிரிச்சி பாக்காதன்னு சொன்னது நான்.

"சர்வர்காரன் பேஜாரு பண்ணிட்டாம்மா, அழாத"ன்னு அண்ணன் தண்ணி குடுத்தாரு. வாங்கிக் குடிச்சேன்.

ரேஷன் கார்டு படத்த பெருசாக்கி அவரே ப்ரேம் போட்டுக் குடுத்தாரு. அதுல அம்மா, யாரோ அதட்டுன மாதிரி பாக்குது.

திரும்ப வேலைக்குப் போன அன்னிக்கே டிக்க போட்டேன். டிக்கு இல்லாம போன படங்கள ஒன்னொன்னா தொறந்து பாத்தேன். கொழந்தைய தூக்கிக்கினு ஒருத்தி, தலப்பா கட்டுன ஒரு பெரியவரு. பாதியில நின்னு போனது நெறைய.

"என்னாம்மா, இப்பல்லாம் இவ்ளோ நேரமாவுது?"ன்னு அண்ணன் கேட்டாரு.

"நெட்டு ஸ்லோண்ணா"ன்னேன்.

அந்தப் பாதிப் படங்கள யாரும் இன்னும் வந்து கேக்கல. கடைக்கதவு தொறக்கறப்பல்லாம் அவங்கள்ல ஒருத்தரோன்னு பாக்கறேன்.