மாமரத்து வண்டு

தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பக்கத்துக் காம்பராவில் ரப்பர் பால் வெட்டும் செல்வி அக்கா இருந்தார். நான் விலங்கியல் படிப்பதால், தன் வாசல் மாமரத்தில் கண்ட வண்டொன்றைப் பிடித்து வந்தார்.

"இது என்னா வண்டு தம்பி? மரமெல்லாம் ஓட்டையா இருக்கே."

உடலைவிட நீண்ட கொம்புகள். அவற்றின் அடியைச் சுற்றி வளைந்த கண்கள். "நீள்கொம்பு வண்டு, அக்கா!" என்றேன். கொம்பின் கணுக்களை எண்ணி, வரைந்து, இனத்தைக் கண்டுபிடித்துப் பூரித்தேன். இதன் புழு மரத்தை உள்ளே குடைந்துவிடும் என்று படித்திருந்தும், அவரை எச்சரிக்கத் தோன்றவில்லை.

அடுத்த பெருமழையில் மரம் அவருடைய காம்பராவின் மேல் விழுந்தது. அக்கா இறந்துபோனார்.

"மரம் நல்லாத்தானே இருந்துச்சு தம்பி?" என்று அவர் கணவர் அழுதார். ஆமென்று தலையாட்டினேன்.

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.