எதிரணியாரின் வேலை

எங்கள் கல்லூரியின் விவாதப் பயிற்சி ஆசிரியருக்கு 'எதிரணி' என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருந்தார்கள். அதை அவர் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவருடைய பாடம் சுலபமானது. கருத்தைச் சொல், காரணம் சொல், ஆதாரம் காட்டு. எதிராளியின் வாதத்தை அவரே மெச்சும்படி எடுத்துச் சொல்லிவிட்டு, அப்புறம் உடை. ஆளைத் திட்டாதே, வாதத்தைத் திட்டு. எந்தப் பக்கம் பேசுவது என்பதை மட்டும் நீயாக முடிவு செய்யாதே. பூவா தலையா போட்டுப் பார், விழுந்த பக்கத்துக்கு விசுவாசமாக இரு.

வீட்டிலும் இதே சட்டம்தான். குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னால் காசைச் சுண்டுவார். 'ஒழுகவில்லை' என்று விழுந்துவிட்டால், கணுக்கால் தண்ணீரில் நின்றபடி அதை நிரூபிப்பார். மனைவி தையல்காரர். வாயில் எப்போதும் குண்டூசி இருப்பதால் மறுப்புரை வழங்குவதில்லை.

ஒருநாள் முதல்வர் அம்மையார் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"சார், உங்க போஸ்டை எடுத்துடச் சொல்லி நிர்வாகம் சொல்லுது. ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க."

தையல் மிஷின் ஒன்றை நம்பி அந்தக் குடும்பம் ஓடாது. சொல்லத்தான் வேண்டும்.

"சொல்றேன் மேடம். ஆனா முறைப்படி."

காசு மேசையில் சுழன்று விழுந்தது. அவருக்கு 'இந்த வேலை வேண்டாம்' பக்கம். முதல்வருக்கு 'வேண்டும்'.

"என்ன சார் இது? அனுப்புறதே நான்தானே?"

"காசு சொல்லிடுச்சு மேடம். ஆரம்பிங்க."

"பிள்ளைங்க... வந்து... பேசக் கத்துக்கிறாங்க."

"ஆதாரம்?"

முதல்வருக்குச் சூடேறியது. வாயே திறக்காத ஒரு மாணவி, விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று நிர்வாகக் குழு முன்னால் நின்று பேசி ஜெயித்த கதையைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எதிரணி அதை இன்னும் அழகாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, சுக்குநூறாக்கினார்.

"அந்தப் பொண்ணு என்கிட்ட படிக்கவே இல்ல மேடம். தாகம் எடுத்துச்சு, பேசிச்சு."

விவாதம் முடிந்தபோது இருவரும் தத்தம் பேச்சில் தாங்களே மயங்கியிருந்தார்கள். முதல்வர் நீக்க உத்தரவைக் கிழித்துப் போட்டார். எதிரணி ராஜினாமா எழுதிக் கொடுத்தார்.

"ஜெயிச்சுட்டேன்" என்றார் வீட்டில்.

மறுநாள் முதல்வரே வீடு தேடி வந்தார்.

"வந்துடுங்க சார். வேலை அப்படியேதான் இருக்கு."

"நேத்து நான் வச்ச வாதத்துக்கு இன்னும் பதில் வரல மேடம்."

மனைவி, வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"மேடம், நீங்க கெஞ்சாதீங்க. காலேஜ் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லுங்க."

முதல்வர் விழித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், இனிமே நீங்க காலேஜ் பக்கமே வரக்கூடாது!"

"ஏன் வரக்கூடாது? காரணம்? ஆதாரம்?"

கேட்டுக்கொண்டே எதிரணி பைக்குள் கையை விட்டுக் காசைத் தேடினார். இல்லை. அது காலையிலேயே தையல் மிஷின் இழுப்பறைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தன் பக்கத்தைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டிய கொடுமை அவருக்கு நேர்ந்தது.

அவர் வாதத்தைத் தொடங்குவதற்குள் மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.